தேனில் நஞ்சில்லை

தங்கைக்குக் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், குடும்பநல உத்தியோகத்தர் தன் ஸ்கூட்டரை எங்கள் வீட்டுப் படலையடியில் நிறுத்தியபோது, அம்மா குசினியில் ஒரு சிறு கிண்ணத்தில் தேன் விட்டு அதில் தன் மோதிரத்தை உரசிக்கொண்டிருந்தார். பொன் உரசிய தேனைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்திலிருந்து நடந்துவரும் காரியம். வந்தவர் கிண்ணத்தைக் கண்டதும், பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை தேன் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார். "ஏன் பிள்ளை? என்ர நாலும் தேன் நக்கித்தானே வளர்ந்ததுகள்" என்று அம்மா கேட்டார். உத்தியோகத்தருக்கு அன்று போக வேண்டிய வீடுகள் இன்னும் ஏழெட்டு இருந்தன. குழந்தையின் நிறையைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, "மாஸ்டரிட்டைக் கேளுங்கோ அம்மா, அவர் விளங்கப்படுத்துவார்" என்று என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "தேனில ஒரு நஞ்சு இருக்கும் அம்மா, சின்னப் பிள்ளையளுக்குக் கூடாது" என்று சொன்னேன். அது பிழை. சிறிய பிழையுமல்ல, பொட்டுலினம் என்ற பற்றீரியாவையும் அதன் நஞ்சையும் பற்றிய இருநூறு வருட ஆராய்ச்சி எதைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பாடுபட்டதோ, அதையே நான் ஒரு வசனத்தில் குழப்பிவிட்டேன்.

அந்த வசனம் ஊருக்குள் நடந்து, மூன்றாம் நாள் தேன்காரரின் காதை அடைந்தது. அவர் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காடுகளில் தேன் எடுப்பவர். வைகாசி, ஆனியில் பாலைப்பழமும் தேனும் சேர்ந்து வரும் காலத்தில், பழைய சாராயப் போத்தல்களில் தேனை அடைத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அன்று ஒரேயொரு போத்தலோடு வந்தார். முற்றத்தில் நின்றபடியே மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு குழியளவு தேனை ஊற்றி, என் முன்னால் நக்கினார். தேன் அவர் மணிக்கட்டில் வழிந்தது, அதையும் விடவில்லை. "மாஸ்டர், நான் சாகிறனோ எண்டு பார்த்துக்கொண்டிருங்கோ" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லாதபடியால், அன்றிரவு தொடங்கிப் பல இரவுகள் இதைப் படிக்க வேண்டியதாயிற்று.

படித்ததில் முதலில் கண்ணில் பட்டவர் ஒரு கவிஞர். யுஸ்டினுஸ் கேர்னர் 1786 இல் பிறந்த ஜெர்மானியர்; கவிதையும் எழுதினார், வைத்தியமும் பார்த்தார். வூர்ட்டம்பேர்க் நாட்டில் அந்நாளில் இரத்தமும் கொழுப்பும் அடைத்துப் புகையிட்ட தொத்திறைச்சியை உண்ட ஏழைகள் சிலர், ஓரிரு நாளில் பார்வை இரட்டையாகி, இமை தொங்கி, நா வறண்டு, விழுங்க முடியாமல், அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கவே மூச்சு நின்று இறந்தார்கள். கேர்னர் 1820 இல் 76 நோயாளர்களைப் பற்றியும், 1822 இல் 155 பேரைப் பற்றியும் எழுதி வெளியிட்டார். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதோடு அமையாமல் அந்தச் சாற்றில் சில துளிகளைத் தன் நாவிலும் வைத்துப் பார்த்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். பற்றீரியா நோயை உண்டாக்கும் என்ற எண்ணமே இல்லாத காலத்தில், இந்த நஞ்சு காற்றுப் புகாத இடத்தில்தான் உருவாகிறது என்றும், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது மறிக்கிறது என்றும், மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்காத தசைத்துடிப்புகளுக்கு மருந்தாகவும் ஆகலாம் என்றும் அவர் ஊகித்தார். மூன்றும் சரியாகிவிட்டன. தொத்திறைச்சிக்கு இலத்தீனில் வழங்கிய 'பொட்டுலுஸ்' என்ற சொல்லிலிருந்தே பொட்டுலிசம் என்று நோயின் பெயர் வந்தது.

நஞ்சுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்பது அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தெரிந்தது. 1895 டிசம்பரில், பெல்ஜியத்தின் எலெசெல் என்ற கிராமத்தில், ஒரு முதியவரின் மரணச் சடங்கில் வாசிக்க வந்த 34 பேர் கொண்ட வாத்தியக் குழு, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித் தொடையை உண்டது. பலருக்கு வருத்தம் வந்து மூவர் இறந்தார்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுப் பறைமேளக்காரருக்குக் கொடுக்கும் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்தேன். கெண்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியின் மிச்சத்திலிருந்தும் இறந்த ஒருவரின் உடலிலிருந்தும் ஒரே பற்றீரியாவைப் பிரித்தெடுத்து, 1897 இல் விரிவாக எழுதினார். அவருடைய முடிவுகளில் முக்கியமானது இதுதான்: இறந்தவர்களை அந்தப் பற்றீரியா உடலுக்குள் பெருகிக் கொல்லவில்லை. அது இறைச்சிக்குள் இருந்தபோதே நஞ்சைச் செய்து வைத்துவிட்டது. அவர்கள் உண்டது ஏற்கெனவே செய்யப்பட்ட நஞ்சை. அந்த நஞ்சு சூட்டில் அழியும் என்பதையும், உப்புப் போதியளவு இருந்தால் பற்றீரியா வளராது என்பதையும் அவர் கண்டார்.

இங்கேதான் நான் குழப்பிய இடம் வருகிறது. இன்று கிளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்று அழைக்கப்படும் இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் ஆகாது. காற்றுப்பட்டால் அது வளராது. ஆனால் சாகாமல் இருப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தன் மரபுப் பொருளைச் சுற்றிப் பல உறைகளைப் போர்த்தி, நீரைக் குறைத்து, வித்தியாக மாறி உறங்கிவிடும். வித்தி எதையும் உண்பதில்லை, எதையும் சுரப்பதில்லை. அதனிடம் நஞ்சு இல்லை. ஆண்டுக்கணக்காக மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் கிடக்கும். நீரும் உணவும் கிடைத்து, புளிப்புக் குறைந்து, காற்று இல்லாத இடமொன்று அமைந்தால் மட்டுமே முளைக்கும். முளைத்துப் பெருகும்போதுதான் நஞ்சைச் செய்யும். விதைநெல்லை மூட்டையில் கட்டி வைத்திருப்பவன் வீட்டில் சோறு இருக்கிறது என்று சொல்ல முடியாதது போல, வித்தி இருக்கும் இடத்தில் நஞ்சு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது.

சூட்டுக்கு இரண்டும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. நஞ்சு ஒரு புரதம். 85 பாகை செல்சியசுக்கு மேல் ஐந்து நிமிடம் காய்ச்சினால் அதன் மடிப்பு குலைந்து செயலிழக்கும். வித்தியோ கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் பிழைக்கும். தகரத்தில் உணவடைப்பவர்கள் 1920 களில் இதைக் கணக்கிட்டறிந்து, அழுத்தத்தின் கீழ் 121 பாகையில் மூன்று நிமிடம் என்ற அளவை வைத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் தகரத்திலும் போத்தலிலும் அடைத்த ஒலிவக்காய்களை உண்டு பலர் இறந்ததே அந்தக் கணக்குக்குக் காரணம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் ஒரு டின் மீன் கிடைப்பது பெருநாள் போன்றது. அப்போதும் அம்மா ஒவ்வொரு டின்னையும் மூடியில் விரலால் தட்டி, ஊதியிருந்தால் எவ்வளவு பசியென்றாலும் கிடங்கில் போட்டுப் புதைத்துவிடுவார். உள்ளே வளரும் பற்றீரியா வாயுவை விடுவதால் டின் ஊதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் செய்தது சரி. ஊதாத டின்னிலும் ஆபத்து இருக்கக்கூடும் என்பது வேறு கதை.

தேனுக்கு வருவோம். தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருக்கும் நீரையும் வெல்லங்கள் இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. போதாக்குறைக்குத் தேன் புளிப்பானது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும் பிஎச் அளவில் அது பெரும்பாலும் 4 ஐ அண்டியிருக்கும். பொட்டுலினம் வளர்வதற்கு 4.6 க்கு மேல் வேண்டும். ஆகவே தேனுக்குள் விழுந்த வித்தி முளைக்கவும் மாட்டாது, சாகவும் மாட்டாது. காட்டு மண்ணின் தூசி, தேனீயின் கால், வதை வைத்த சாக்கு, பிழிந்த கை என்று வித்தி வந்து சேர்வதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. வந்து சேர்ந்தது அப்படியே உறங்கும். தேன்காரர் என் முன்னால் நக்கிய தேனில் வித்தி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நஞ்சு இருந்திருக்க வழியே இல்லை.

1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பி, அநுராதபுரத்துக் காடுகளூடாக அரிப்புக் கோட்டையை வந்தடைந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், வேடர்கள் மரத்தைக் குடைந்து அதற்குள் தேனை விட்டு, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார். காற்றுப் புகாத பொந்து, உள்ளே இறைச்சி, மேலே களிமண்: கேர்னர் கண்டிருந்தால் தலையிலடித்துக்கொண்டிருப்பார். தொத்திறைச்சியைக் கொடியதாக்கிய எல்லாம் அதிலும் இருந்தன, ஒன்றைத் தவிர. இறைச்சியின் நீரைத் தேன் இழுத்துவிடுகிறது. எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிய வற்றல் இறைச்சியும், முல்லைத்தீவுக் கரையில் உப்பில் புரட்டிக் காயும் கருவாடும் இதே வேலையைத்தான் வேறு வழியால் செய்கின்றன.

அப்படியானால் கைக்குழந்தைக்கு மட்டும் என்ன? இந்தக் கேள்விக்கு 1976 வரை யாரிடமும் விடை இருக்கவில்லை, கேள்வியே இருக்கவில்லை. அந்த ஆண்டு கலிபோர்னியாவில், எந்தக் கெட்ட உணவும் உண்ணாத சில குழந்தைகளுக்குப் பொட்டுலிச நோய் வந்திருப்பது கண்டறியப்பட்டது. வான் எர்மெங்கெம் வகுத்த கதை அங்கே தலைகீழானது. அந்தக் குழந்தைகள் விழுங்கியது வித்தியை. நஞ்சு அவர்களுடைய குடலுக்குள்ளேயே செய்யப்பட்டது. பெரியவர்களின் பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பதால், புதிதாக வரும் வித்திக்கு முளைக்க இடமில்லை. பிறந்து சில மாதங்களேயான குழந்தையின் குடலோ இன்னும் குடியேறி முடியாத காணி. காற்றில்லை, புளிப்பும் குறைவு, உணவு தாராளம். குழந்தைக்கு முதலில் மலம் இறுகும். பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் உறிஞ்சும் வலு குறையும், கழுத்து நிற்காமல் துவளும், இமை சோரும். ஸ்டீபன் ஆர்னன் என்ற வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் இந்த நோயைத் தொடர்ந்து ஆராய்ந்து, குழந்தைகளுக்கு வித்தி போய்ச்சேரும் வழிகளில் தேனும் ஒன்று என்று 1970 களின் இறுதியில் காட்டினார்கள்.

தேன்தான் ஒரே வழி என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தேனைத் தொட்டதே இல்லை. வித்தி மண்தூசியோடு வந்திருக்க வேண்டும். வன்னியில் வைகாசி வெயிலில் ஒரு ட்ராக்டர் போனால், செம்மண் தூசி சாமி அறை வரைக்கும் வருகிறது. அதைத் தடுக்க எவராலும் முடியாது. தேனை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியும். குடும்பநல உத்தியோகத்தர் சொன்னதன் நியாயம் அவ்வளவுதான். அது போதிய நியாயமும்கூட. நோய் அரிது. வந்தால் குழந்தையைச் செயற்கைச் சுவாசத்தில் வாரக்கணக்காக வைத்திருக்க வேண்டி வரலாம். நாக்கில் தொடும் ஒரு துளிக்கு அந்த விலை அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

நஞ்சு என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, வன்னியில் இருப்பவர்களுக்குக் கட்டுவிரியனை நினைவூட்டினால் போதும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடித்துவிட்டுப் போகும் அந்தப் பாம்பின் கடிவாயில் வீக்கமோ பெரிய நோவோ இருக்காது. விடியும்போது இமையைத் திறக்க முடியாது, பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. பொட்டுலிச நோயும் அதே ஒழுங்கில் கண்ணிலிருந்து கீழிறங்குவது தற்செயலல்ல. இரண்டும் தாக்குவது நரம்பு நுனி தசையைத் தொடும் ஒரே இடத்தையே. விரியனின் நஞ்சு நரம்பு நுனியைக் கொழுப்புப் படலத்தில் சிதைக்கிறது; பொட்டுலினத்தின் வேலை அதைவிட நுணுக்கமானது.

நரம்பு நுனிக்குள் அசற்றைல் கோலின் என்ற இரசாயனம் புடகங்கள் எனப்படும் நுண்ணிய பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பில் செய்தி வந்ததும் புடகம் விளிம்புப் படலத்தோடு ஒட்டித் திறந்து, இரசாயனத்தை வெளியே கொட்ட, தசை சுருங்குகிறது. பொட்டுலினம் இந்தக் கொட்டுதலை நிறுத்துகிறது என்பது 1949 இல் தெரிந்துவிட்டது. எப்படி என்பதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. நஞ்சுப் புரதம் இரண்டு துண்டுகளாலானது. பெரிய துண்டு நரம்பைத் தேடிப் பிடித்துச் சிறிய துண்டை உள்ளே தள்ளுகிறது. புடகம் திறக்கும் கணத்தில் மட்டும் அதன் உட்சுவரிலுள்ள ஒரு புரதம் வெளியே தலைகாட்டும். பொட்டுலின நஞ்சின் பல வகைகளில் ஒன்றான ஏ வகை அதைப் பற்றிக்கொண்டு, புடகம் மறுபடி உள்ளே திரும்பும்போது தானும் ஏறிப் போய்விடுகிறது என்று 2006 இல் காட்டினார்கள். அதிகமாக வேலை செய்யும் நரம்பு அதிக நஞ்சை உள்வாங்குகிறது. இதைப் படித்தபோது விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்சநேரம் நடந்தேன்.

உள்ளே போன சிறிய துண்டு ஒரு நொதியம். அதன் நடுவில் ஒரு நாக (துத்தநாக) அயன் இருக்கிறது. இத்தாலியின் பதுவா நகரில் கியாம்பியேத்ரோ ஸ்கியாவோ, சேசரே மொந்தேகுக்கோ முதலானோர் 1992 இல் இதை அறிவித்தார்கள். புடகத்தைப் படலத்தோடு முறுக்கிக் கட்டும் கயிறு போன்ற மூன்று புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இந்த நொதியம் வெட்டுகிறது. ஏ வகை, 206 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு புரதத்தின் கடைசியிலிருந்து ஒன்பதே ஒன்பதை நறுக்கிவிடுகிறது. கயிற்றின் நுனி போனால் முடிச்சு விழாது. புடகம் நிரம்பியபடியே கரையில் நிற்கும். நரம்பு சாகவில்லை, தசையும் சாகவில்லை. இடையில் பேச்சு மட்டும் இல்லை. அதே புரதத்தில் ஈ வகை நஞ்சு 26 அமினோ அமிலங்களை வெட்டியும், அதன் விளைவு விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஒன்பதை மட்டும் வெட்டும் ஏ வகையின் விளைவோ மாதக்கணக்கில் நிற்கிறது.

அந்த 1992 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. எங்கள் ஊரில் துருப்பிடித்த கம்பி குத்தினால் 'ஏற்பு ஊசி' போடச் சொல்லுவார்கள். ஏற்பு (ரெட்டனஸ்) நோயைத் தரும் பற்றீரியாவும் ஒரு கிளொஸ்திரிடியம். மண்ணில் வித்தியாகக் கிடப்பது, காற்றில்லாத ஆழக் காயத்தில் முளைப்பது. ஏற்பு வந்தவரின் உடல் வில்லாக வளைந்து இறுகும். பொட்டுலிசம் வந்தவரின் உடல் துவண்டு விழும். ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரு நோய்களிலும், ஏற்பு நஞ்சும் பொட்டுலினத்தின் பி வகை நஞ்சும் வெட்டுவது ஒரே புரதத்தை, அதிலும் ஒரே இணைப்பில். இடம்தான் வேறு. பொட்டுலினம் தசையருகிலேயே நின்றுவிடுகிறது. ஏற்பு நஞ்சு நரம்பின் வழியே முள்ளந்தண்டுக்கு ஏறி, தசையை அடக்கி வைக்கும் நரம்புகளை ஊமையாக்குகிறது. அடக்குபவர் இல்லாத தசை ஓயாமல் இறுகுகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புத் தடுப்பூசி போடுவதே, தொப்புள்கொடி வழியாகப் பச்சைக் குழந்தைக்கு இது வராமலிருக்கத்தான். அம்மாவுக்கு விளங்கியதும் இந்த இடத்தில்தான். "அப்ப ஏற்புக்கு இது சகோதரமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சிகிச்சையும் விரியன் கடியைப் போன்றதே. நச்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். நரம்புக்குள் போய்விட்டதைத் தொடாது. ஆகவே எவ்வளவு முந்திக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். பிந்திவிட்டால், நரம்பு புதிய கிளைகளை விட்டுத் தசையைத் திரும்பப் பிடிக்கும்வரை, பின்னர் பழைய நுனி தேறும்வரை, நோயாளிக்காகப் பொறி மூச்சு விட வேண்டும். செயற்கைச் சுவாசம் வருமுன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று நல்ல பராமரிப்புக் கிடைத்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

மருந்தாக்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. சான் பிரான்சிஸ்கோவில் கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றி நேராக்க ஒரு தசையை மட்டும் தளர்த்தும் மருந்தைத் தேடி, இந்த நஞ்சின் மிகச் சிறிய அளவைக் குரங்குகளில் சோதித்து 1973 இலும், மனிதரில் பயன்படுத்தி 1980 இலும் அறிக்கையிட்டார். 1989 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று முகச் சுருக்கத்துக்குப் போடும் பொடொக்ஸ் ஊசி அதுதான். பாரிசவாதம் வந்து கை மடங்கி இறுகியவர்களுக்கும், கழுத்துத் திருகியவர்களுக்கும் அதே மருந்து உதவுகிறது என்பதை நடிகைகளின் நெற்றியைப் பற்றி எழுதுபவர்கள் எழுதுவதில்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு பழைய புதிர் இருந்தது. அதுவும் இந்தப் படிப்பில் அவிழ்ந்தது. சிறு வயதில் பெரியப்பாவின் பட்டியில், கடும் வறட்சி மாதங்களில், சில மாடுகள் காய்ந்த எலும்பைத் தேடிக் கவ்வி, எச்சில் வடிய மணிக்கணக்காகக் கடித்துக்கொண்டிருக்கும். புல் தின்னும் பிராணிக்கு எலும்பு எதற்கு என்று கேட்டால், பெரியப்பா தடியால் அதைத் தட்டிப் பறித்துவிட்டு, "அது கடிச்சா மாடு விழுந்திடும்" என்பார். தென்னாபிரிக்காவில் மாடுகள் கால் துவண்டு விழுந்து சாகும் நோயை ஆராய்ந்த மிருக வைத்தியர் ஆர்னோல்ட் தைலர், 1920 வாக்கில் இதன் முடிச்சை அவிழ்த்தார். புல்லில் பொசுபரசு போதாமையால் மாடு எலும்பைத் தேடுகிறது; எலும்பில் ஒட்டிய அழுகிய சதையில் பொட்டுலினம் நஞ்சைச் செய்து வைத்திருக்கிறது. எலும்புத் தூளைச் சுத்தமாக்கித் தீவனத்தில் கலந்து கொடுத்ததும், மாடுகள் பிணத்தின் எலும்பைத் தேடுவதை விட்டன. பெரியப்பாவுக்குக் காரியம் தெரியும், காரணம் தெரியாது. எனக்கு நாற்பது வயது வரை இரண்டும் தெரியாது.

ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை. ஏ முதல் ஜி வரை ஏழு வகை என்று நான் படித்த காலத்தில் சொன்னார்கள். 2013 இல் எட்டாவது என்று ஒன்றை அறிவித்தவர்கள், தீயவர் கையில் சிக்கலாம் என்று அதன் மரபணு வரிசையை வெளியிடாமல் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது பழைய இரண்டின் கலப்பு, ஏ வகையின் நச்சுமுறிக்கே அடங்கியது. 2017 இல், ஜப்பானில் நோயுற்ற குழந்தையொன்றிலிருந்து முன்னரே எடுக்கப்பட்டிருந்த பற்றீரியாவின் மரபணுவில் எக்ஸ் வகை கண்டறியப்பட்டது. ஏழு வகைகளுக்குமான நச்சுமுறிகளில் ஒன்றும் அதை அடையாளம் காணவில்லை. அடுத்த ஆண்டு, பசுச் சாணத்திலிருந்து எடுத்த, கிளொஸ்திரிடியமே அல்லாத வேறொரு பற்றீரியாவில் இதன் உறவுக்காரப் புரதமொன்று கிடைத்தது.

2019 இல் வந்த செய்தி வன்னியானுக்கு நெருக்கமானது. மலேசியாவின் கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியா, பொட்டுலினத்தை ஒத்த நஞ்சொன்றைச் செய்கிறது; அது எலிகளை ஒன்றும் செய்யாமல், மலேரியாவைக் காவும் அனோபிலிசு நுளம்பைக் கொல்கிறது. இடப்பெயர்வுக் காலத்தில் நான் இரண்டு தரம் மலேரியாவில் விழுந்தவன். நடுக்கத்துக்கு இரண்டு சாக்கைப் போர்த்ததும், குளோரோகுயின் குளிசையின் கசப்பு நாக்கை விட்டுப் போகாததும் இன்னும் நினைவிருக்கிறது. வன்னிக் குளங்களோரம் ஊர்கள் அழிந்து காடானதற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். 2012 க்குப் பிறகு இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லையென்று, 2016 இல் உலக சுகாதார தாபனம் சான்று தந்துவிட்டது. ஆனால் நுளம்பு போகவில்லை. மனிதருக்குக் கொடிதென்று பெயரெடுத்த குடும்பத்தில் ஒன்று நுளம்புக்கென்றே அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த நஞ்சுகள் முதலில் யாரைக் குறிவைத்து உருவாகின என்ற கேள்வியை அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுப்புவது நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனியின் கடைசிக் கிழமையில் தேன்காரரின் வீட்டுக்குப் போனேன். கொட்டிலுக்குள் சாக்கை விரித்து, வதையைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். தேனோடு மகரந்தமும், ஒரு தேனீயின் சிறகும், ஊசிமுனையளவு மண்ணும் துணியில் தங்கின. அந்த மண்ணைக் காட்டித்தான் சொன்னேன்: அண்ணை, தேனில் நஞ்சென்று நான் சொன்னது பிழை, தேனில் நஞ்சில்லை, இந்த மண்ணில் ஒரு விதை இருக்கலாம், உங்களுக்கும் எனக்கும் அது வயிற்றில் முளைக்காமல் வெளியே போய்விடும், பால்குடிப் பிள்ளையின் குடலில் முளைத்துவிடும். அவர் பிழிவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "துணியை இரண்டாய் மடிச்சு வடிச்சா விதை நிக்காதோ?" என்றார். நிற்காது, கண்ணுக்குத் தெரியாதது என்றேன். "காய்ச்சினா?" காய்ச்சினாலும் சாகாது என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப பிள்ளைக்கு ஒரு வயசு வரட்டும் மாஸ்டர். அடுத்த வைகாசித் தேனிலை முதல் போத்தல் உங்களுக்கு" என்றார்.

முற்றத்தில் அவர் விட்டுவிட்டுப் போன போத்தலில் மிச்சமிருந்ததை, அம்மா தன் இருமலுக்குத் தேசிக்காய்ச் சாற்றோடு குழைத்துக் குடித்து முடித்துவிட்டார்.